ஸ்மோக்கி மலையில் சாராய ஆலை பார்க்கப் போகிறீர்களா? முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் கிழக்கு ஓரமாக கிரேட் ஸ்மோக்கி மலைத்தொடர் படுத்திருக்கிறது. விடியற்காலையில் பார்த்தால் மடிப்பு மடிப்பாக நீல மலை, மடிப்புக்கு மடிப்பு புகை போலப் பனிமூட்டம். பெயர் வந்ததும் அதனால்தான். இந்த மலையடிவாரத்தில் ஒரு காலத்தில் அதிகாரிகளின் கண்ணில் படாமல் காய்ச்சிய சாராயத்தை, இன்று லைசென்ஸ் வாங்கி, கடைவீதியில் கண்ணாடிக்குப் பின்னால் காய்ச்சி, ஜாடியில் அடைத்து விற்கிறார்கள். பெயர் மட்டும் மாறவில்லை: மூன்ஷைன். நிலா வெளிச்சத்தில் காய்ச்சியது என்று அர்த்தம்.

நான் மூன்று முறை போயிருக்கிறேன். முதல் முறை எல்லோரும் செய்யும் தப்பைத்தான் செய்தேன். ஒரே நாளில் நான்கு டிஸ்டில்லரி. மூன்றாவது இடத்துக்குள் நுழையும்போது நாக்கில் சர்க்கரைப் பாகு தவிர எதுவும் தெரியவில்லை. நான்காவது இடம் எப்படி இருந்தது என்று இன்றுவரை எனக்கு ஞாபகம் இல்லை. மாலையில் மலைமேல் போய் சூரிய அஸ்தமனம் பார்ப்பதாகத் திட்டம். பார்த்தது ஹோட்டல் அறையின் கூரையை. அதனால் இந்த வழிகாட்டிக்கு ஒரே ஒரு விதி: ஒரு நாளைக்கு அதிகபட்சம் இரண்டு ஆலை. குடிப்பதற்குக் கால் மணி நேரம் போதும், மீதி நேரமெல்லாம் பார்ப்பதற்கு, முகர்வதற்கு, கேட்பதற்கு.

முதல் வேலை: பாதையும் நாளும்

நாக்ஸ்வில் விமான நிலையத்தில் இறங்கி, நாஷ்வில்லில் இருந்து திரும்புவது போல டிக்கெட் எடுங்கள். ஒரே இடத்துக்குத் திரும்பி வரும் அலைச்சல் மிச்சம். நாக்ஸ்வில்லில் இருந்து மலையடிவார ஊரான கேட்லின்பர்க் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அங்கே இரண்டு இரவு. மூன்றாம் நாள் காலையில் கிளம்பி மேற்கே நான்கு மணி நேரம் ஓட்டினால் லிஞ்ச்பர்க், ஜாக் டேனியல்ஸ் விஸ்கி ஆலை இருக்கும் சிற்றூர். அங்கிருந்து நாஷ்வில் ஒன்றரை மணி நேரம். நான்கு நாளில் மூன்ஷைன், விஸ்கி இரண்டும் முடியும்.

இதில் ஒரு கண்ணி உண்டு. கேட்லின்பர்க் கிழக்கு நேரத்தில் ஓடுகிறது, லிஞ்ச்பர்க் மத்திய நேரத்தில். போகும்போது ஒரு மணி நேரம் லாபம், சரி. நாஷ்வில்லில் இருந்து எதிர்த்திசையில் வருகிறவர்கள் மதியம் 2 மணி முன்பதிவுக்கு 3 மணிக்குப் போய் நிற்பார்கள்.

அக்டோபர் இரண்டாம் பாதியில் இலைகள் நிறம் மாறும். ஊரே அழகாக இருக்கும், ஊருக்குள் வண்டி நகராது. ஊரை ஒட்டிய மலை முழுக்க கிரேட் ஸ்மோக்கி தேசியப் பூங்கா, வருடத்துக்கு ஒரு கோடிப் பேருக்கு மேல் வந்துபோகிறார்கள். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களிலேயே கூட்டம் அதிகம் இங்கேதான். கூட்டம் ஒத்துவராது என்றால் ஏப்ரல் கடைசி நல்லது, காட்டுப்பூக்கள் பூத்திருக்கும். பூங்காவுக்குள் நுழையக் கட்டணம் இல்லை. ஆனால் 15 நிமிடத்துக்கு மேல் வண்டியை நிறுத்தினால் பார்க்கிங் சீட்டு வேண்டும்: ஒரு நாளுக்கு 5 டாலர், வாரத்துக்கு 15. 2023-ல் வந்த விதி. ஊருக்குள் வாங்கி முன்கண்ணாடியில் ஒட்டிவிடுங்கள்.

யார் வண்டி ஓட்டுவது?

ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முன்பே முடிவாக வேண்டிய விஷயம். "நான் கொஞ்சம்தானே குடிச்சேன்" என்று சொல்லும் இடம் மலைச்சாலை இல்லை. சட்டப்படி இரத்தத்தில் 0.08 சதவீதம்தான் எல்லை. ஆனால் சோதனைக் கோப்பையின் அளவைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். வாய் நனையும் அளவே ஊற்றினாலும் எட்டு, பத்து வகை என்று போகும்போது கணக்கு ஏறிவிடும்.

எளிய வழி, கேட்லின்பர்க்கில் பார்க்வே என்ற பிரதான சாலைக்குப் பக்கத்தில் அறை எடுப்பது. ஓல் ஸ்மோக்கி, ஷுகர்லேண்ட்ஸ் என்ற இரண்டு மூன்ஷைன் ஆலைகளும் அந்தச் சாலையிலேயே நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. மலைமேல் இருக்கும் கேபின் படத்தில் அழகாகத்தான் இருக்கும். ஆனால் இரவில் அந்த வளைவுகளில் ஏற குடிக்காத ஒருவர் வேண்டும். எங்கள் கூட்டத்தில் நாளுக்கு ஒருவர் என்று முறை வைத்துக்கொள்கிறோம். அன்றைய ஓட்டுநர் முகர்ந்து பார்க்கலாம், நாக்கில் வைக்கக்கூடாது. பதிலுக்கு அன்றைய சாப்பாட்டுச் செலவு மற்றவர்களுடையது.

21 வயது நிரம்பியிருக்க வேண்டும். நரைத்த தலை என்றாலும் அடையாள அட்டை கேட்பார்கள். இந்தியாவில் இருந்து வந்திருப்பவர்கள் பாஸ்போர்ட்டையே எடுத்துச் செல்லுங்கள். போனில் இருக்கும் படத்தை நம்பிப் போக வேண்டாம்.

போவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய நான்கு சொற்கள்

மூன்ஷைன் என்பது சட்டத்தில் தனி வகை அல்ல. இன்று கடையில் அந்தப் பெயரில் கிடைப்பது பெரும்பாலும் பீப்பாயில் ஊறவைக்காத தெளிந்த மக்காச்சோளச் சாராயம், அல்லது அதில் பழச்சாறும் சர்க்கரையும் கலந்தது.

போர்பன் என்றால் அமெரிக்காவில், குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளத்தில் காய்ச்சி, உட்புறம் கருக்கிய புது ஓக் பீப்பாயில் வைத்தது. டென்னசி விஸ்கிக்கும் அதே விதிகள்தான். கூடுதலாக, பீப்பாய்க்குப் போகும் முன் மரக்கரி வழியாக வடிகட்ட வேண்டும் என்று 2013-ல் மாநிலம் சட்டமே போட்டது.

புரூஃப் என்பது சதவீதத்தின் இரண்டு மடங்கு. 100 புரூஃப் என்றால் 50 சதவீதம். ஜாடியில் எழுதியிருப்பதைப் பாதியாக்கிப் பாருங்கள். "ஆப்பிள் பை" மாதிரியான இனிப்பு வகைகள் பெரும்பாலும் 20 சதவீதத்தின் பக்கம் இருக்கும்; தெளிந்த மக்காச்சோளச் சாராயம் 50. இரண்டும் ஒரே மாதிரி ஜாடியில்தான் வரும், ஜாக்கிரதை.

ஏன் இந்த மலையில்?

ஸ்காட்லாந்து, வட அயர்லாந்துப் பக்கம் இருந்து குடியேறியவர்கள் காய்ச்சும் பழக்கத்தையும் கூடவே கொண்டுவந்தார்கள். மலையில் விளைந்த மக்காச்சோளத்தை மூட்டை கட்டி இறக்கி விற்றால் கூலிகூடக் கட்டாது. சாராயமாக்கிவிட்டால் சுமை குறைவு, காசு அதிகம், கெட்டும் போகாது. 1791-ல் அரசு வரி போட்டது. 1794-ல் பென்சில்வேனியாவின் மேற்குப் பகுதியில் கலகமே வெடித்தது. அந்த வரி 1802-ல் போய், உள்நாட்டுப் போர்ச் செலவுக்காக 1862-ல் திரும்பி வந்தது. அப்போது காட்டுக்குள் போன அடுப்பு, 1920 முதல் 1933 வரையிலான தேசிய மதுவிலக்கில் இன்னும் ஆழமாகப் போனது.

சரக்கை இரவில் இறக்க, வெளியே பார்த்தால் சாதாரணமாகவும் உள்ளே எஞ்சின் முறுக்கேற்றியதாகவும் கார்கள் வேண்டியிருந்தன. அப்படி ஓட்டிப் பழகியவர்கள் சிலர்தான் பின்னால் நாஸ்கார் பந்தயத்தில் இறங்கினார்கள். அதில் பெயர்பெற்ற ஜூனியர் ஜான்சன், 1956-ல் அப்பாவின் அடுப்படியில் பிடிபட்டு ஜெயிலுக்குப் போனவர். 1986-ல் ஜனாதிபதி ரீகன் அவருக்கு மன்னிப்பு வழங்கினார்.

டென்னசியில் 2009 வரை மூன்றே மூன்று கவுண்டிகளில்தான் (நம்மூர் மாவட்டம் மாதிரி) டிஸ்டில்லரி நடத்த முடியும். அந்த ஆண்டு சட்டத்தைத் திருத்தினார்கள். 2010-ல் கேட்லின்பர்க்கில் ஓல் ஸ்மோக்கி திறந்தது. ஆக, "நூற்றாண்டுப் பாரம்பரியம்" என்று கடையில் எழுதியிருந்தால், கைப்பக்குவத்துக்கு அது சரி. கடைக்கு வயது அவ்வளவு இல்லை.

முதல் நாள் காலை: ஆலைக்கு முன் மாவு ஆலை

இதைத் தவறவிடாதீர்கள். பூங்காவுக்குள் கேட்ஸ் கோவ் என்ற பள்ளத்தாக்கைச் சுற்றி 11 மைல் ஒருவழிச் சாலை. நடுவழியில் ஜான் கேபிள் மில் என்ற தண்ணீர்ச் சக்கர மாவு ஆலை நிற்கிறது. ஓடைத் தண்ணீர் மரக்கால்வாயில் வந்து சக்கரத்தைச் சுற்ற, உள்ளே கல் சோளத்தை அரைக்கும். சாராயக் கதை முழுக்க இங்கேயே இருக்கிறது: சோளம், ஓடை, விறகு. அடுப்பு போட்டவர்கள் ஓடையை ஒட்டியே போட்டார்கள். ஊறலுக்கும் தண்ணீர் வேண்டும், ஆவியைக் குளிர்விக்கவும் தண்ணீர் வேண்டும். தேடி வந்த அதிகாரிகளும் ஓடையைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினார்கள்.

மே முதல் செப்டம்பர் வரை புதன்கிழமைகளில் இந்தச் சாலையில் வண்டிகளை விடுவதில்லை. நடை, சைக்கிள் மட்டும். காலை 8 மணிக்குள் போய்விடுங்கள். 11 மைல்தானே என்று 10 மணிக்கு நுழைந்தால், முன்னால் ஒருவர் கரடியைப் படம் எடுக்க நிறுத்துவார், நீங்களும் நிற்பீர்கள்.

அரைக்கும் கல் இன்னும் தொழிலாகவே ஓடுவதைப் பார்க்க வேண்டும் என்றால் பிஜன் ஃபோர்ஜில் ஆற்றங்கரையில் 1830-ல் கட்டிய ஓல்ட் மில் இருக்கிறது. பக்கத்திலேயே ஓல்ட் ஃபோர்ஜ் டிஸ்டில்லரி. அந்த ஆலை அரைத்த தானியத்தில்தான் காய்ச்சுகிறார்கள். என் மூன்று பயணத்தில் பிடித்த இடம் எது என்று கேட்டால் இதைச் சொல்வேன். மாவு மணமும் ஊறல் மணமும் ஐம்பது அடி இடைவெளியில் கிடைக்கும்.

மதியம்: அடுப்பை எப்படிப் பார்ப்பது

உள்ளே நுழைந்ததும் கூட்டம் நேராகச் சோதனை மேடைக்கு ஓடும். நீங்கள் முதலில் செப்புப் பானைகள் பக்கம் போங்கள்.

இரண்டாம் முறை என் மாமா ஊரில் இருந்து வந்திருந்தார், கூட்டிப் போனேன். வாழ்க்கையில் ஒரு சொட்டு குடித்தவர் இல்லை. நொதிக்கும் தொட்டி பக்கம் போனதும் நின்றுவிட்டார். "மாப்ள, இது நம்மூர் ஊறல் வாசனைடா" என்றார். மலையடிவாரத்து ஊர்க்காரர், மூக்கு பொய் சொல்லவில்லை. புளித்த மாவு, பழுத்த வாழைப்பழம், கொஞ்சம் ஈஸ்ட். தொட்டியின் மேல் நுரை மெல்ல உடைந்துகொண்டே இருக்கும். செய்தித்தாளில் "ஊறல் அழிப்பு" என்று வருகிறதே, அதே ஊறல். இங்கே சோள மாவு, தண்ணீர், மால்ட் என்ற முளைகட்டிய தானியம், ஈஸ்ட். பல இடங்களில் சர்க்கரையும் சேர்ப்பார்கள்.

அந்த ஊறல் செப்புப் பானைக்குப் போகிறது. ஆல்கஹால் 78 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், தண்ணீர் 100-ல். அந்த இடைவெளிதான் மொத்தத் தொழிலும். ஆவி மூடி வழியாக ஏறி, பல அடுப்புகளில் நடுவே இருக்கும் ஒரு சிறு பீப்பாய்க்குள் நுழையும். அதற்குத் தம்பர் என்று பெயர். ஆவி உள்ளே முட்டும்போது "தம், தம்" என்று சத்தம் வரும். அதில் இரண்டாம் முறையாக வடிகிறது. அப்புறம் குளிர்ந்த தண்ணீருக்குள் வளைந்து வளைந்து இறங்கும் செப்புச் சுருள். அதைப் புழு என்றே அவர்கள் சொல்கிறார்கள். சுருளின் நுனியில் சொட்டுச் சொட்டாக விழுவதுதான் சரக்கு.

முதலில் சொட்டுவதைக் கொட்டிவிடுவார்கள். அடுத்து வருவது "தலை", நெயில் பாலிஷ் நெடி. நடுவில் வருவதை "இதயம்" என்பார்கள், விற்பது அதைத்தான். கடைசியில் "வால்", ஈர அட்டைப்பெட்டி மாதிரி மணம். எங்கே வெட்டுவது என்று இன்றும் மூக்கை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். "தலையை எப்போது வெட்டுகிறீர்கள்?" என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். சுற்றுலாப் பயணிக்குச் சொல்லும் மனப்பாடப் பேச்சு நின்று, உண்மையான பேச்சு ஆரம்பிக்கும்.

நம்மவர்கள் கட்டாயம் கேட்கும் கேள்வி: கண் போய்விடாதா? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் செத்ததைப் படித்தவர்களுக்கு இந்தப் பயம் நியாயம். அது மெத்தனால் கலந்த சாராயம். தானிய ஊறலில் மெத்தனால் தானாக உருவாவது மிகக் குறைவு. ஆட்களைக் கொல்வது பெரும்பாலும் வெளியே இருந்து கொண்டுவந்து கலப்பதுதான். பழைய அமெரிக்கக் கள்ளச் சாராயத்தில் இன்னொரு விஷமும் இருந்தது: செப்புச் சுருளுக்குப் பதில் பழைய கார் ரேடியேட்டர், அதன் பற்றவைப்பில் ஈயம். உரிமம் பெற்ற ஆலையில் இந்தப் பயம் வேண்டாம். சாலையோரத்தில் யாராவது "எங்க தாத்தா காய்ச்சியது" என்று காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வீட்டில் காய்ச்சுவது அமெரிக்காவில் மத்தியச் சட்டப்படி குற்றம். பீர், வைனுக்குள்ள சலுகை இதற்குக் கிடையாது.

சோதனை மேடையில்

சிறு கட்டணம் வாங்குவார்கள், 5 டாலர் சுற்றுவட்டாரத்தில். பல இடங்களில் ஜாடி வாங்கினால் அதைக் கழித்துக்கொள்வார்கள். பத்துப் பேரை வரிசையாக நிற்கவைத்து, விரல் நுனி அளவு பிளாஸ்டிக் கோப்பையில் ஊற்றிக்கொண்டே ஒருவர் ஜோக் அடிப்பார். ஜோக் சுமார்தான், ஆனால் வேகம் அசத்தும். அந்த வேகத்துக்கு நீங்கள் குடிக்க வேண்டியதில்லை.

வயிற்றில் சாப்பாடு இருக்கட்டும். கையில் தண்ணீர் பாட்டில். முதலில் தெளிந்த சாராயத்தை முகருங்கள். மூக்கைக் கோப்பைக்குள் நுழைக்காமல், வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு. நல்லதாக இருந்தால் எரிச்சலுக்குப் பின்னால் வேகவைத்த சோளக்கதிர் மணம் வரும். ஒரு துளி நாக்கில் உருட்டி விழுங்குங்கள். பிறகு இரண்டு சொட்டு தண்ணீர் விட்டு மறுபடியும். இனிப்பு மேலே வரும். அதற்கப்புறம் இனிப்பு வகைகளில் இரண்டே இரண்டு. பீச், பிளாக்பெர்ரி, ஆப்பிள் பை என்று எல்லாவற்றையும் தொட்டால் என் முதல் பயணம்தான் உங்களுக்கும். பிடிக்காததை மிச்சம் வைப்பதில் ஒரு தப்பும் இல்லை. கிரீம் வகைகளில் பால் உண்டு, ஒத்துக்கொள்ளாதவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். சாராயத்தில் ஊறிய செர்ரியைப் பழம்தானே என்று வாயில் போட்டுவிடாதீர்கள். சில சமயம் கோப்பையில் இருப்பதைவிட அது அதிகமாக ஏறும்.

குழந்தைகள் இந்தக் கடைகளுக்குள் கூட வரலாம், மேடைப் பக்கம் மட்டும் வரக்கூடாது. எதிரிலேயே டாஃபி மிட்டாய் இழுக்கும் எந்திரம் இருக்கும், ஒருவர் அங்கே கூட்டிப்போய்விட்டால் பிரச்சினை தீர்ந்தது. சைவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அந்தப் பக்கத்து பீன்ஸ், கீரை வகைகளில் பெரும்பாலும் பன்றி இறைச்சி போட்டு வேகவைப்பார்கள். கேட்காமல் வாங்காதீர்கள். பேன்கேக் கடைகள் காலையில் காப்பாற்றும்.

மூன்றாம் நாள்: லிஞ்ச்பர்க்

முந்தின இரவு குடித்திருந்தால் காலை நான்கு மணி நேரப் பயணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஜாக் டேனியல்ஸ் சுற்றை இணையத்தில் முன்பே பதிவு செய்ய வேண்டும். சுவைப்பு உள்ளது, இல்லாதது என்று இரண்டும் உண்டு, ஓட்டுநருக்கு இரண்டாவது.

வேடிக்கை என்னவென்றால், இந்த மூர் கவுண்டி மதுவிலக்குப் பகுதி. உலகமெல்லாம் போகும் விஸ்கி இங்கே பிறக்கிறது. ஆலைக்குள் சிறப்பு அனுமதியில் சுவைப்பும் நினைவு பாட்டில் விற்பனையும் நடக்கின்றன.

இங்கே மூன்று விஷயம் பாருங்கள். முதலாவது சுனை. சுண்ணாம்புக்கல் குகையில் இருந்து வருடம் முழுக்க 56 டிகிரி ஃபாரன்ஹீட்டில், அதாவது 13 டிகிரி செல்சியஸில் தண்ணீர் வருகிறது. சுண்ணாம்புக்கல் இரும்பை வடித்துவிடுகிறது. இரும்பு கலந்தால் விஸ்கி கருத்துச் சுவையும் கெடும். குகை வாசலில் ஜூலை மாதத்திலும் கை சில்லிடும்.

இரண்டாவது கரி. சர்க்கரை மேப்பிள் கட்டைகளை அடுக்கி, எரித்து, பொடித்து, 10 அடி ஆழத் தொட்டியில் நிரப்புகிறார்கள். புதுச் சாராயம் அதன்மேல் சொட்டி, நாள்கணக்கில் இறங்குகிறது. தொட்டி மூடியைத் திறந்து கையால் விசிறிக் காட்டுவார்கள். குனிந்து ஆழமாக இழுக்காதீர்கள், கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

மூன்றாவது, யாரும் காட்டாமல் நீங்களே பார்க்க வேண்டியது: பீப்பாய்க் கிடங்குகளைச் சுற்றியுள்ள மரப்பட்டைகள். கரி பூசியது போலக் கருப்பாக இருக்கும். பீப்பாயில் இருந்து ஆவியாகும் ஆல்கஹாலைத் தின்று வளரும் பூஞ்சை அது. மதுவிலக்குக் காலத்தில் மறைவாகப் பீப்பாய் வைத்திருந்தவர்களையும் இந்தக் கருப்பு காட்டிக்கொடுத்திருக்கும் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள்.

நியரஸ்ட் கிரீன் பற்றிக் கேளுங்கள். ஜாக் டேனியல் சிறுவனாக வேலைக்குச் சேர்ந்த போதகர் வீட்டில் அடிமையாக இருந்தவர். ஜாக்குக்குக் காய்ச்சக் கற்றுக்கொடுத்தது அவர்தான். விடுதலைக்குப் பிறகு ஆலையின் முதல் தலைமைக் காய்ச்சுநர் ஆனார். நிறுவனம் இதை வெளிப்படையாகச் சொல்லத் தொடங்கியது 2016-ல்தான். ஜாக் பெட்டகத்தை உதைத்துக் கால்விரல் புண்ணாகி 1911-ல் செத்த கதையைக் கேட்காமலே சொல்வார்கள். கிரீன் கதைக்கு நீங்கள் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்க வேண்டியிருக்கலாம்.

நேரம் இருந்தால் பக்கத்து ஊரான டல்லஹோமாவில் ஜார்ஜ் டிக்கல் விஸ்கி ஆலை. அவர்கள் கரியில் விடும் முன் சாராயத்தைக் குளிர்விக்கிறார்கள். இரண்டையும் ஒரே நாளில் ருசித்தால் அந்த வித்தியாசம் புரியும்.

வாங்கி ஊருக்கு எடுத்து வருவது

70 சதவீதத்துக்கு மேல், அதாவது 140 புரூஃபுக்கு மேல் இருப்பது விமானத்தில் ஏறவே ஏறாது. 24 முதல் 70 சதவீதம் வரை ஆளுக்கு 5 லிட்டர், கடையில் அடைத்த சீல் பிரிக்காமல், செக்-இன் பெட்டியில் மட்டும். இந்தியாவுக்குள் வரி இல்லாமல் 2 லிட்டர்.

மூன்ஷைன் வரும் கண்ணாடி ஜாடிக்கு மேசன் ஜாடி என்று பெயர், அதன் திருகு மூடியை நம்பாதீர்கள். ஒரு முறை பெட்டிக்குள் ஆப்பிள் பை கசிந்து, ஒரு சட்டை முழுக்க இலவங்கப்பட்டை வாசனை. மூடியைச் சுற்றி டேப், அதன்மேல் இரண்டு ஜிப் பை, நடுப்பெட்டியில் துணிக்குள். முடிந்தால் பாட்டில் வகையாகப் பார்த்து வாங்குங்கள்.

ஜாடி காலியானதும் தூக்கிப் போட வேண்டாம். 1858-ல் காப்புரிமை பெற்ற வடிவம் அது, உணவைப் பதப்படுத்தி வைக்கத்தான் பிறந்தது. என் வீட்டில் இப்போது எலுமிச்சை ஊறுகாய் இருக்கிறது. தகர மூடி மட்டும் உப்பு பட்டால் துருப்பிடித்துவிடும். பிளாஸ்டிக் மூடி தனியாகக் கிடைக்கிறது, அதை வாங்கிக்கொள்ளுங்கள்.